கரடி வெளியே போன நாள்

ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டியிருக்கும் பாதிக் கரடி யாருடைய வேலை என்று, வேலைக்கு வந்த முதல் நாளே இருவரும் கேட்டீர்கள். பிறகு சொல்கிறேன் என்றேன். அந்தப் பிறகு இந்த வாரம்தான். அடுத்த திங்கட்கிழமை முதல் நான் விருதுநகரில், என் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து டிசைன் போடப்போகிறேன். இந்த நாற்காலி உங்களில் ஒருத்திக்கு வரும். யாருக்கு என்று இப்போதே முறைத்துக்கொண்டு திரிகிறீர்கள். அதன் இடது பக்கச் சக்கரம் ஓடாது என்பதையும் தெரிந்துகொண்டு முறையுங்கள்.

எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு வேகமாக வருகிறது. போன வாரம் நான் மெனுவைத் தேடியபோது நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததும் எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது, பொத்தானை அழுத்திய பிறகு என்ன செய்வது என்பது.

இந்த அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறைக்கு வந்த முதல் பெண் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த எழுத்து என்றால், அம்மா தீப்பெட்டியிலும் பட்டாசுப் பெட்டியிலும் ஒட்டிய லேபிள்தான். ஆகவே நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொஞ்சம் கழுத்தை நிமிர்த்தித்தான் நடந்தேன். அந்தக் கழுத்து இன்னும் இறங்கவில்லை என்று நீங்கள் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது.

"பொம்பளப் பிள்ள வேண்டாம் அண்ணாச்சி, ரெண்டு சீசன்ல கல்யாணம்னு போயிரும்" என்று நம் முதலாளியிடம் பலபேர் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி கேட்கவில்லை. ஆனால் என்னிடம் ஒன்று சொன்னார்: "நீ சரியா வந்தா அடுத்த சீசனுக்கு இன்னொரு பிள்ளைய எடுப்பேன் தாயி. நீ சொதப்புனா, அவுக சொன்னதுதான் சரின்னு ஆயிரும்." நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அப்போது என் கையில் இருந்தது. எனக்கு இருபத்தொரு வயது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு சீசன் கடந்திருந்த நேரம். இன்டர்நெட் என்றால் போன் வயரைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும், அது கீச்சென்று கத்திவிட்டு இணையும். அச்சகம் முழுவதற்கும் ஒரே போன் லைன். அதில்தான் வெளிமாநில டீலர்கள் அண்ணாச்சியைக் கூப்பிடுவார்கள். அவர் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனால் லைன் எனக்கு. பில் ஏறும் என்று கால் மணி நேரம்தான் தருவார். அதற்குள் வந்த மெயிலை இறக்கி, போகவேண்டிய மெயிலை ஏற்றி, வயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

அந்தக் கால் மணியில் நான் இன்னொன்றும் செய்துகொண்டிருந்தேன். மெயில் பார்க்கிற அதே புரோகிராமில் நியூஸ்குரூப் என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; இப்போது அங்கே ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும், ஒவ்வொரு பைத்தியத்துக்கும் ஒரு பொது அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் ஒரு கேள்வியை எழுதினால் உலகத்தில் அந்தப் பலகையைப் பார்க்கிற எல்லாரும் படிக்கலாம், யாரும் பதில் எழுதலாம். மெயில் பெட்டிக்குக் கீழேயே பலகையின் பெயரும் வரிசையில் நிற்கும். அச்சு வேலைக்கு என்று ஒரு பலகை இருந்தது. முதல் நாள் தலைப்புகளை மட்டும் இறக்குவேன். வயரைப் பிடுங்கிவிட்டு, எது வேண்டும் என்று நிதானமாக டிக் அடிப்பேன். மறுநாள் மதியம் அவை முழுதாக வந்து இறங்கும். மை ஏன் காயவில்லை, தாள் ஏன் சுருள்கிறது என்று எங்கெங்கோ இருக்கிற மெஷின்காரர்கள் புலம்புவதை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அவர்களுக்கும் நம் குருசாமி அண்ணனுக்கும் புலம்பலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பெரிய மெஷின் ஓட்டும் குருசாமி அண்ணனுக்கு இது பிடிக்காது. தினமும் கதவருகே வந்து நிற்பார்.

"என்ன புள்ள, அமெரிக்காவுல மழையா?"

"மழை இல்லண்ணே. உங்களப் போலவே ஒருத்தர் அச்சுப் பிளேட்ட தலகீழா மாட்டிட்டு, ஏன் படம் தலகீழா வருதுன்னு கேட்டிருக்காரு."

"நான் மாட்டுனது ஒரே ஒரு தடவ. அதையும் அங்கன எழுதிப் போட்டுட்டியா?"

எங்களுக்குள் அப்போது ஒரு பகை வேறு இருந்தது. நம் அச்சகத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வேஸ்ட் ஷீட் முழுதாக கேட்டைத் தாண்டாது. மை சரியில்லாமல் கழிந்த தாள் ஒவ்வொன்றையும் சாயங்காலம் குறுக்கே இரண்டாக வெட்டித்தான் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறோம். சீசனுக்கு முன்னால் ஒரு கம்பெனியின் புது லேபிள் அடுத்த கம்பெனியின் கண்ணில் பட்டுவிட்டால், அதே படம் சின்ன மாற்றத்தோடு அவர்கள் பெட்டியிலும் வந்துவிடும். குருசாமி அண்ணன் ஒருநாள் மகளின் நோட்டுக்கு அட்டை போட ஒரு முழு ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் கேட்டில் வைத்துப் பிடித்தேன். எல்லார் முன்னாலும் பிரித்து, வெட்டி, பாதியைக் கையில் கொடுத்தேன். அவர் மகளின் நோட்டுக்குப் பாதி அட்டை போதவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் கரடி வந்தது.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குப் புது புஸ்வாணம். கூலிங்கிளாஸ் போட்டு, சிவப்புச் சட்டை மாட்டிய கரடி ஸ்கூட்டர் ஓட்டுகிறது. பின்னால் புகைக்குப் பதில் பூப்பூவாகத் தீப்பொறி. கரடிக்கும் புஸ்வாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரர் எங்கள் பெரிய பார்ட்டி. அவருடைய ஆர்டர் இல்லையென்றால் பெரிய மெஷின் பாதி சீசன் சும்மா நிற்கும். படத்தைக் கொடுக்கும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டீலருக்குக் காட்டுற வரைக்கும் இந்தக் கரடிய நீ பாக்கணும், நான் பாக்கணும். வேற யாரும் பாக்கக் கூடாது."

வரைந்தேன். மாதிரி ஓட்டினால் சட்டை சிவப்பாக வரவில்லை. பழுத்த சப்போட்டா நிறத்தில் வந்தது. குருசாமி அண்ணன் டிசைன் மீது பழி போட்டார், நான் மெஷின் மீது போட்டேன். நாலு மாதமாகப் பலகையைப் படித்து மட்டும் வந்தவள், முதல் முறையாக நானே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன். ராத்திரியெல்லாம் மனதுக்குள் ஆங்கிலம் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.

மறுநாள் பகலில் அனுப்பவேண்டிய இரண்டையும் தாளில் எழுதித் தயார் செய்தேன். ஒன்று, பலகைக்குக் கேள்வி: "மதிப்புக்குரிய நிபுணர்களே, எங்கள் சிவப்பு பழுப்பாக வருகிறது. எவ்வளவு முயன்றும் காரணம் தெரியவில்லை. தயவுசெய்து எங்களைக் காப்பாற்றுங்கள்." இன்னொன்று, நாரணாபுரத்துக்காரருக்கு மெயில்: "மரியாதைக்குரிய ஐயா, உங்கள் கரடி இத்துடன் வருகிறது. தயவுசெய்து யாருக்கும் காட்ட வேண்டாம்." கூடவே கரடியின் படம்.

திரையில் எழுதுவதற்குத் திறக்கிற இரண்டு ஜன்னல்களும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மேல்வரியில் மட்டும்தான் ஒன்றில் ஆளின் முகவரி, இன்னொன்றில் பலகையின் பெயர். மணி ஒன்று. அண்ணாச்சி கிளம்பினார். வயரைச் செருகினேன். கதவருகே குருசாமி அண்ணன் வந்து, "இன்னைக்கு நீயே பேசப்போறியாமே, எங்க, பேசு பாப்போம்" என்றார். அவர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே தாளில் எழுதியிருந்ததைப் பார்க்காமல், டக் டக்கென்று இரண்டு ஜன்னலிலும் அடித்து, படத்தைச் சேர்த்து, இரண்டையும் அனுப்பினேன். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். வயரைப் பிடுங்கினேன்.

இரண்டு மணிக்கு அண்ணாச்சி வருவதற்குச் சற்று முன்னால் போன் அடித்தது. நாரணாபுரத்துக்காரர்.

"ஏத்தா, நான் எப்ப நிபுணர் ஆனேன்?"

"சார்?"

"மதிப்புக்குரிய நிபுணர்களேன்னு எழுதிருக்க. எங்க சிவப்பு பழுப்பா வருது, காப்பாத்துங்கன்னும் எழுதிருக்க. நான் பட்டாசுல்லா போடுறேன். சிவப்பக் காப்பாத்துறதுக்குத்தானே உங்ககிட்ட குடுத்திருக்கு? படத்தையும் காணோம்."

சரி பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கேள்வி அவரிடம் போயிருக்கிறது என்றால் கரடி எங்கே போயிருக்கும் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. ஒரே ஒரு முழு ஷீட்டுக்காக ஒரு மனுஷனை கேட்டில் நிறுத்தியவள், கரடியை முழுதாக உலகத்தின் சுவரில் ஒட்டியிருந்தேன். யாருக்கும் காட்ட வேண்டாம் என்ற குறிப்போடு.

நான் எழுந்திருப்பதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். வந்ததும் போன் அடித்தது. வடக்கத்தி டீலர். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து, தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு இந்தி வார்த்தைகளை வரிசை மாற்றி மாற்றிப் போட்டுப் பேச ஆரம்பித்தார். அந்த மாதிரி பேச்சு முடிய அரை மணியாவது ஆகும்.

பலகையில் போட்டதை, போட்டவரே ரத்து செய்ய ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கு லைன் வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் எங்கோ ஒருவர் அந்தத் தலைப்பை அழுத்திக் கரடியை இறக்கிக்கொண்டிருக்கலாம். அண்ணாச்சி தானாகப் பேசி முடிக்கும்வரை காத்திருந்தால், யாருக்கும் தெரியாமல் ரத்து செய்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாம். இப்போதே லைனைக் கேட்டால் காரணம் சொல்லவேண்டும். வைரஸ் என்று சொல்லலாம் என்று கூடத் தோன்றியது. அப்போது கம்ப்யூட்டர் அறையில் எது நடந்தாலும் வைரஸ் என்றால் எல்லாரும் நம்பினார்கள். நான் அந்தக் கதவருகே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டும் ஆள், பாதி ஷீட்டை வாங்கிக்கொண்டு போன அன்று ஒரு சாக்கும் சொல்லவில்லை என்பது ஏனோ நினைவுக்கு வந்தது.

அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். அவர் பொறு என்று கையைக் காட்டினார். நான் பொறுக்கவில்லை.

"போன வைங்க அண்ணாச்சி. கரடி வெளிய போயிருச்சு."

அவர் ரிசீவரைப் பொத்தினார். "எந்தக் கரடி?"

"நாரணாபுரத்துக் கரடி. நான்தான் தப்பா அனுப்பிட்டேன். ஊரே பாக்குற எடத்துல நிக்குது. லைன் குடுத்தா எடுத்துருவேன்."

அண்ணாச்சி ரிசீவரில், "பாய் சாப், கரடி... பாத் மே, பாத் மே" என்று, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். வடக்கத்திக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆர்டர் வந்தது.

வயரைச் செருகினேன். அந்தக் கீச்சொலி அவ்வளவு நீளமாக இருந்து நான் கேட்டதில்லை. பலகை திறந்தது. என் கரடிக்குக் கீழே அதற்குள் இரண்டு பதில்கள். முதலாவது, இது படம் போடும் இடமில்லை, விதியைப் படித்துவிட்டு வா என்றது. இரண்டாவதை எழுதியவர் பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து மட்டும் போட்டிருந்தார்: "யாருக்கும் காட்டமாட்டேன், நம்பு. ஆனால் உன் கரடியின் சட்டையில் சிவப்போடு கொஞ்சம் நீலம் கலந்திருக்கிறது. அதை எடுக்காவிட்டால் அச்சில் பழுப்பாக வரும்."

நான் கேட்காத இடத்தில், கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் வந்திருந்தது. தப்பு மெஷினுடையது இல்லை, என்னுடையது. அண்ணாச்சி பின்னால் நிற்க, அதை மொழிபெயர்க்கும்போது இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சற்று மெல்லிய குரலில் சொன்னேன். தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த குருசாமி அண்ணனுக்கு அதுதான் தெளிவாகக் கேட்டது.

ரத்து செய்தேன். திரையில் கரடி மறைந்தது.

"போயிருச்சா?" என்றார் அண்ணாச்சி.

"நம்ம பக்கம் போயிருச்சு. ஏற்கனவே எறக்கிட்டவுக கிட்ட இருந்து போகாது அண்ணாச்சி."

"அப்ப முழு ஷீட்டு கேட்டத் தாண்டிருச்சு."

"ஆமா."

அண்ணாச்சி திரையை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். "சிவகாசியில இதையெல்லாம் யாரு தாயி படிக்கப் போறாக?"

"நான் படிக்கேன்லா அண்ணாச்சி."

மேஜை மேல் இருந்த வண்டிச் சாவியை எடுத்தார். "வா, நாரணாபுரம் போவோம். நீ வாயத் தெறக்காத. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

பக்குவம் என்றால் என்ன என்று அன்று கண்டேன். மழை, கூலி ஆள் தட்டுப்பாடு, அலுமினியப் பவுடர், கம்பெனிக்காரரின் மூட்டுவலி என்று அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் போனார். கரடி இருக்கிற பக்கமே போகவில்லை. கடைசியில் நானே சொல்லிவிட்டேன். எப்படி மாறியது, எங்கே போனது, எப்போது எடுத்தேன், எது என் கையை மீறிவிட்டது, எல்லாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது இன்னொன்று மிச்சம் இருப்பது தெரிந்தது.

"இன்னொன்னு இருக்கு சார். எங்கம்மா விஸ்வநத்தத்துல, உங்களுக்குப் போட்டிக் கம்பெனியில லேபிள் ஒட்டுறாக. வேற யாரும் வந்து சொல்லுறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

அண்ணாச்சி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். தாமதமாக மிதித்தார்.

நாரணாபுரத்துக்காரர் மேஜை மேல் கிடந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "அம்மாகிட்ட கரடியச் சொன்னியா?"

"சொல்லல சார்."

"மொத்த ஓட்டத்துக்குப் பிளேட் போட்டாச்சா?"

"இல்ல சார்."

"அப்ப கரடிய ஸ்கூட்டர்ல இருந்து எறக்கு. டிராக்டர்ல ஏத்து. நாளைக்குச் சாயங்காலம் எனக்குப் படம் வேணும். நீயே கையில கொண்டு வா. மெயில்ல அனுப்பாத."

டிராக்டர் வரைவது எவ்வளவு கஷ்டம் என்று வரைந்தவளுக்குத்தான் தெரியும். சட்டையிலிருந்து நீலத்தை எடுத்தேன். சிவப்பு சிவப்பாக வந்தது. மறுநாள் காலை நான் வந்தபோது கம்ப்யூட்டரின் நெற்றியில் பழைய மாதிரி ஷீட் ஒட்டியிருந்தது, குறுக்கே சரி பாதியாக வெட்டி. ஸ்கூட்டர் இருந்த பாதி இல்லை. கூலிங்கிளாஸும் பழுப்புச் சட்டையுமாகப் பாதிக் கரடி. குருசாமி அண்ணன் மெஷினைத் துடைத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னார்: "நோட்டுக்குத்தான் பத்தல. ஒனக்குப் பத்தும்."

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். வாயால் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மூன்று மாதம் கழித்து அம்மா வேலை முடிந்து வந்து, கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "எங்க கம்பெனியில புது லேபிள் வந்திருக்குடி. ஸ்கூட்டர்ல ஒரு கரடி போகுது. பாக்கச் சிரிப்பா இருக்கு."

நான் சோற்றுத் தட்டை வைத்துவிட்டேன். "கண்ணாடி போட்டிருக்கா?"

"கண்ணாடி இல்ல. தொப்பி போட்டிருக்கு. ஏன், ஒனக்குத் தெரிஞ்ச கரடியா?"

அது பலகையிலிருந்து போனதா, வேறு யாரோ வரைபவருக்குத் தானாகத் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. விடிந்ததும் அண்ணாச்சியிடம் சொன்னேன். இந்த முறை அவர் பக்குவம் எதுவும் பேசவில்லை. நேராக நாரணாபுரம்.

நாங்கள் உள்ளே நுழையும்போதே நாரணாபுரத்துக்காரர் மேஜை மேல் தொப்பிக் கரடி கிடந்தது. எங்களுக்கு முன்னாலேயே யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் சும்மா கொடுக்கவில்லை என்பது அவர் பேசியபோது தெரிந்தது.

"கொண்டாந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? உங்க லேபிளு வரையிற பிள்ளையோட ஆத்தா அங்கனதான் வேலை பாக்குது, நீங்க வெவரம் இல்லாம இருக்கீகன்னான். எனக்குத் தெரியும்டா, அந்தப் பிள்ளையே வந்து சொல்லிருச்சுன்னேன். அவன் மூஞ்சியப் பாக்கணுமே." லேபிளை என் பக்கம் தள்ளினார். "அன்னைக்கு நீ சொல்லாம விட்டிருந்தா, இன்னைக்கு நீ என்ன சத்தியம் பண்ணாலும் நான் நம்பிருக்க மாட்டேன் தாயி. ஒங்க மெஷினும் என் லேபிள மறந்திருக்கும்."

பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நம்ம டிராக்டர் எம்புட்டு ஷீட்டு ஓடிருக்கு?"

அடுத்த சீசனுக்கு அண்ணாச்சி இன்னொரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். அதற்கடுத்து இன்னொருத்தி. அந்த வரிசையின் கடைசியில்தான் நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தப்பு செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. செய்வீர்கள். உங்கள் வேகத்துக்கு என்னைவிடப் பெரிதாகவே செய்வீர்கள். செய்தால், போனில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் போய் முன்னால் நில்லுங்கள். கேட்டதைச் சொல்லுங்கள். கேட்காமல் மிச்சம் இருப்பது எதுவோ அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும். வெளியே யாரிடமாவது சந்தேகம் கேட்பதானால் தயங்காமல் கேளுங்கள், ஆனால் படத்தைக் குறுக்கே வெட்டி, சட்டைத் துணி அளவு மட்டும் அனுப்புங்கள். நான் அதன் பிறகு அப்படித்தான் அனுப்பினேன். அந்த இரண்டெழுத்துக்காரர் ஒருமுறை கேட்டிருந்தார்: "மீதிக் கரடி நலமா?"

நேற்று என் சாமான்களை எடுத்து வைக்கும்போது, பாதிக் கரடியையும் விருதுநகருக்குக் கொண்டுபோகலாம் என்று மெல்ல உரித்தேன். குருசாமி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். என் கையிலிருந்து அதை வாங்கி, பழைய இடத்திலேயே வைத்து, புது டேப் போட்டு நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினார்.

"ஒரு தடவ வெளிய போனது போதும்" என்றார்.